பிரதிநிதி யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்?

உன்னிச்சையில் மாரிப்போகத்துக்கான ஆரம்பக் கூட்டம் முடிந்து, குளக்கட்டின் ஓரத்திலுள்ள மரநிழலில் நாம் சிலர் உட்கார்ந்திருந்தோம். கூட்டத்திலே வாய்க்கால் துப்புரவு, நீர் திறக்கும் நாள், மாடுகளை வட்டையிலிருந்து அகற்ற வேண்டிய நாள் எல்லாம் பேசியாகிவிட்டன. பேச்சு மெல்ல அரசியலுக்குத் திரும்பியது. எழுபதைக் கடந்த இரண்டு பெரியவர்களுக்கிடையே வாக்குவாதம் மூண்டது.

"இராசதுரை ஐயா அரசாங்கத்தோட சேர்ந்தபடியாத்தான் மட்டக்களப்புக்கு நாலு காரியம் நடந்தது. எதிர்க்கட்சியில இருந்து சத்தம் போட்டா வயிறு நிறையுமா கா?" என்றார் ஒருவர்.

"நாங்க வோட்டுப் போட்டது ஒரு பக்கம், அவர் போய் இருந்தது மத்தப் பக்கம். ஒரு வார்த்தை எங்களக் கேட்டாரா?" என்று மற்றவர் திருப்பிக் கேட்டார்.

40 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வழக்குத் தீரவில்லை. இன்றும் ஒவ்வொரு தேர்தலிலும் "உரிமையா, அபிவிருத்தியா" என்ற பெயரில் அதே வழக்குத்தான் எம் வாசலுக்கு வருகிறது. இரண்டு முறை, மூன்று முறை என இடம்பெயர்ந்து, விதைநெல்லையும் மாடுகளையும் இழந்து, வெறுங்கையோடு வயலுக்குத் திரும்பிய எமக்கும், இன்னும் திரும்ப முடியாமல் இருப்பவர்களுக்கும் இது மரநிழல் பேச்சோடு முடிந்துவிடுகிற விடயமல்ல. ஆகவே செல்லையா இராசதுரை அவர்களின் அரசியல் வாழ்வைக் கொஞ்சம் நிதானமாகத் திருப்பிப் பார்ப்பது நல்லதென்று நாம் நினைக்கிறோம். அவரைத் தூற்றுவதோ போற்றுவதோ எமது நோக்கமல்ல. அந்த 33 ஆண்டுகளில் விவசாயிக்கு ஒரு பாடம் இருக்கிறது.

எதிர்க்கட்சியில் இருந்த காலம்

1927இல் பிறந்த இராசதுரை எழுத்தாளர். மேடையில் ஏறினால் மணிக்கணக்காக மக்களைக் கட்டிப்போடும் பேச்சாளர். "சொல்லின் செல்வர்" என்று மக்கள் அவரை அழைத்தார்கள். 1956ஆம் ஆண்டு, சிங்களம் மட்டும் சட்டம் வந்த அதே ஆண்டில், இலங்கைத் தமிழரசுக் கட்சியின் சார்பில் மட்டக்களப்புத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அதன்பின் 1960 மார்ச், 1960 யூலை, 1965, 1970, 1977 என்று அடுத்து வந்த எல்லாப் பொதுத் தேர்தல்களிலும் வென்றார். ஆறு தேர்தல்களில் ஒரே ஊர் மக்கள் ஒரே மனிதரைத் தொடர்ந்து தெரிவு செய்தார்கள் என்றால் அந்த நம்பிக்கை சாதாரணமானதல்ல. 1967இல் மட்டக்களப்பு மாநகர சபை உருவானபோது அதன் முதல் மாநகர முதல்வரும் அவரே.

அந்தக் காலத்தில் கட்சியின் குரல் மொழிக்காக மட்டும் எழவில்லை, காணிக்காகவும் எழுந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டு, வெளி மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையானோர் குடியேற்றப்பட்டார்கள். 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமானது. காணி யார் கையால் பங்கிடப்படுகிறதோ அவர் கையில்தான் ஊரின் வருங்காலம் இருக்கிறது என்பதை எமது பெற்றோர் கண்ணால் கண்டார்கள்.

அதனால்தான் 1957 யூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தத்தில் குடியேற்ற விடயம் பிரதேச சபைகளுக்கு வரவேண்டும் என்று எழுதப்பட்டது. 1958 ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டது. 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த ஒப்பந்தத்தில், வடக்குக் கிழக்கில் காணி பகிரும்போது முதலில் அந்த மாவட்டத்தின் காணியற்றோருக்கும், அடுத்து அம்மாகாணங்களின் தமிழ் பேசும் மக்களுக்கும், அதன் பின்னரே ஏனையோருக்கும் கொடுப்பது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த ஆட்சியில் கட்சி பங்கும் கொண்டது, மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டது. 1968இல் அவர் பதவி விலகினார்.

இதை நாம் ஏன் விரித்துச் சொல்கிறோம்? எதிர்க்கட்சியில் இருந்தால் உரிமை கிடைக்கும், அரசாங்கத்தோடு இருந்தால் அபிவிருத்தி கிடைக்கும் என்று சிலர் இரண்டு சாக்குகளாகப் பிரித்துக் கட்டி வைக்கிறார்கள். வரலாறு அப்படி இல்லை. எதிர்ப் பக்கத்திலும் ஒப்பந்தம் கிழிந்தது. ஆளும் பக்கத்திலும் மசோதா செத்தது. காணி விடயத்தில் எழுத்தில் வந்தது எதுவும் வயல்வரை வரவில்லை.

சூறாவளியும் கட்சி மாற்றமும்

1977 தேர்தலில் இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளர். மட்டக்களப்பு இரு அங்கத்தவர் தொகுதி. அதே தொகுதியில் கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நிறுத்தப்பட்டார். ஒரே அணிக்குள் இரண்டு சின்னங்கள். இராசதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார். ஆனால் அந்தத் தேர்தலில் விழுந்த கீறல் ஆறவில்லை. கிழக்கின் மூத்த உறுப்பினரைத் தலைமை மதிக்கவில்லை என்ற மனக்குறை அவரைச் சேர்ந்தவர்களிடம் இருந்தது. அந்தக் குறை முழுவதும் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம்.

அடுத்த ஆண்டு, 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு, மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கூரையில்லாத வீடுகளும் முறிந்து கிடந்த தென்னைகளும் அன்றைய சிறுவர்களாகிய எம்மில் பலருக்கு இன்றும் கண்முன் நிற்கின்றன. அந்த மாரி விளைச்சல் போயிற்று. நிவாரணம், கூரைத்தகடு, விதைநெல், கடன் என்று எதைக் கேட்டாலும் அரசாங்கத்தின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

1979 பெப்ரவரியில் அரசியலமைப்புக்கு இரண்டாவது திருத்தம் வந்தது. கட்சியை விட்டு விலகும் அல்லது விலக்கப்படும் உறுப்பினரின் ஆசனம் என்னவாகும் என்பதைப் பற்றியது அது. சில நாட்களில், 1979 மார்ச்சில், இராசதுரை ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் சென்றார். பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். தனிநாட்டுக்கு ஆணை கேட்டு மக்கள் முன் நின்ற தேர்தல் முடிந்து இருபது மாதங்கள்கூட ஆகவில்லை.

இனி அந்தக் காலத்தின் வரவையும் செலவையும் நேர்மையாக எழுதுவோம். பின்னர் அவரது பொறுப்பில் இந்து கலாசாரமும் சேர்ந்தது. 1982இல் கொழும்பில் உலக இந்து மாநாடு நடந்தது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தரின் பெயரால் இசை நடனக் கல்லூரி எழுந்தது. இன்று அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரு நிறுவகமாகத் தொடர்கிறது. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானதும் அதே ஆட்சியில்தான். அங்கே படித்து வெளியேறிய பிள்ளைகளில் படுவான்கரைப் பிள்ளைகளும் உண்டு. இவை வரவு.

செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அமைச்சின் பெயரில் "அபிவிருத்தி" இருந்தது. ஆனால் காணியும் மகாவலியும் காமினி திசாநாயக்காவின் அமைச்சில் இருந்தன. காணியும் நீரும் வேறொருவர் கையில் இருக்கும்போது, ஓர் அமைச்சரால் கட்டிடம் கட்டலாம், வேலை கொடுக்கலாம், விழா நடத்தலாம். கமக்காரனின் அடிப்படையைத் தொட முடியாது. 1983 யூலை வன்முறையின்போதும் அவர் அமைச்சரவையில் இருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்தின்படி சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பினால் நீடிக்கப்பட்ட அந்தப் பாராளுமன்றம் 1988 டிசம்பர்வரை போயிற்று. அந்த ஆண்டுகளில்தான் எமது ஊர்களில் சுற்றிவளைப்பும், கைதும், வயலை விட்டு ஓடுதலும் தொடங்கின. மக்களிடம் "உங்கள் அமைச்சர் என்ன செய்தார்?" என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை.

இன்னொரு சம்பவத்தையும் மறக்கக் கூடாது. 1983 செப்டெம்பரில் மாதுறு ஓயாவை அண்டிய வடமுனைப் பக்கத்துக் காணிகளில் ஆயிரக்கணக்கானோர் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் கல்குடாத் தொகுதியின் கே. டபிள்யூ. தேவநாயகமும் ஒருவர். அவர் ஐக்கிய தேசியக் கட்சிக்காரர், அதே அரசாங்கத்தின் அமைச்சர். பின்னர் அரசாங்கமே குடியேற்றத்தை நிறுத்தி, வந்தவர்களை அப்புறப்படுத்தியது. ஆளும் பக்கத்தில் இருந்தவராலும் காணி உரிமை பேச முடிந்தது என்பதற்கு இது சாட்சி. அப்படியானால், எந்தப் பக்கத்து ஆசனத்தில் ஒருவர் உட்காருகிறார் என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது.

முல்லைக்காரனும் களத்துக் கணக்கும்

எமது வயல் வழக்கத்தில் போடியார் வயலை முல்லைக்காரனின் பொறுப்பில் விடுவார். உழவு, விதைப்பு, காவல், வெட்டு எல்லாம் அவன் பார்வையில் நடக்கும். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சூடடித்து முடிந்த அன்று களத்திலே நின்று கணக்குச் சொல்ல வேண்டும். விதைக்கு எத்தனை அவணம் போயிற்று, கூலிக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? கணக்குக் கேளாத போடியாரின் வயல் எப்படிப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வாக்காளர்தான் போடியார். பாராளுமன்ற உறுப்பினர் எமது முல்லைக்காரர். ஆனால் நடப்பிலே நாம் அதைத் தலைகீழாக மாற்றிவிட்டோம். அவர் வந்தால் மாலை போடுகிறோம். கூரைத்தகடு தந்தால் கும்பிடுகிறோம். கட்சி மாறினால் மரநிழலில் இருந்து திட்டுகிறோம். ஒருநாளாவது களத்திலே நிறுத்திக் கணக்குக் கேட்டோமா?

1979இல் இராசதுரை மறுபக்கம் சென்றபோது, அவரிடம் போய் "ஐயா, எங்கள் காணிக்கும் குளத்துக்கும் என்ன நிபந்தனை வைத்துப் போகிறீர்கள்?" என்று கேட்கக்கூடிய பலமான விவசாயிகள் அமைப்பு ஒன்று மட்டக்களப்பில் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அவர் போகாமல் இருந்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. வெறுங்கையோடு போயிருக்கமாட்டார் என்கிறோம். அவரை அனுப்பிய கட்சிக்கும் இதே கேள்வி பொருந்தும். கட்சி எம்மிடம் வாக்குக் கேட்டது; இரண்டு சின்னங்களை ஒரே தொகுதியில் நிறுத்துவதற்கு எம்மைக் கேட்கவில்லை.

கடல் கடந்த ஒரு சாட்சி

அயர்லாந்திலும் ஒருகாலத்தில் விவசாயிகள் எம்மைப்போல் வெளியேற்றப்பட்டவர்களே. மேயோ என்னும் மாவட்டத்தில் 1846இல் பிறந்தவர் மைக்கேல் டேவிட். பஞ்ச காலம். குத்தகை கட்ட முடியாததால் 1850இல், அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது, குடும்பம் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டது. இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனார்கள். 11 வயதில் பஞ்சாலை இயந்திரத்தில் அகப்பட்டு அவர் வலது கையை இழந்தார். பின்னர் ஆயுதம் சேர்த்த குற்றத்துக்காக ஏழு ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

வெளியே வந்தவர் 1879இல் குத்தகை விவசாயிகளைச் சேர்த்துக் காணிச் சங்கம் அமைத்தார். பாராளுமன்றத்தில் இருந்த பார்னல் அதன் தலைவரானார். இதைக் கவனியுங்கள்: முதலில் வயலில் சங்கம், அந்தச் சங்கத்தின் பலத்தோடு பாராளுமன்றத்தில் குரல். நியாயமற்ற குத்தகையைக் கூட்டாக மறுத்தார்கள். துரத்தப்பட்டவனின் காணியை வேறொருவன் எடுப்பதில்லை என்று ஊரே கட்டுப்பாடாக நின்றது. அந்தப் போராட்டத்தில் பலர் சிறை சென்றார்கள், பலர் வீடிழந்தார்கள். எதுவும் இலேசாக வரவில்லை. 1881இல் நியாயமான குத்தகைக்கும் குடியிருப்புப் பாதுகாப்புக்கும் சட்டம் வந்தது. 1903இல் குத்தகைக்காரரே காணியைத் தவணைக்கு வாங்கும் சட்டம் வந்தது. டேவிட் தாமும் பாராளுமன்றம் சென்றார். 1899இல் தென்னாபிரிக்கப் போரை எதிர்த்து ஆசனத்தை விட்டு வெளியேறினார். ஆசனம் அவருக்கு ஒரு கருவி மட்டுமே.

அயர்லாந்தின் பிரதிநிதிகள் எல்லோரும் உத்தமர்கள் என்று நாம் நம்பவில்லை. அவர்களுக்குப் பின்னால் கணக்குக் கேட்கும் சங்கம் நின்றது. அதுதான் வேறுபாடு.

இன்றைக்கு என்ன?

1990இலும் 2007 மார்ச்சிலும் படுவான்கரை மக்கள் எப்படி வெளியேறினோம் என்பதை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு பயத்தோடு, ஒரே வாய்க்கால் ஓரத்து வயல்களை விட்டுப் போனோம். போகும்போது எடுத்துச் செல்ல மறந்தவற்றுள் பெறுமதி கூடியது காணி அனுமதிப் பத்திரம். எம்மில் ஒருவர் அதன் பிரதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தார். தனியாக நடந்தபடியால்தான் ஏழு தடவை.

உன்னிச்சைக் குளத்து நீர் இன்று வயலுக்கு மட்டுமல்ல, சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியாக மட்டக்களப்புப் பட்டணத்தின் குடிநீராகவும் போகிறது. அதை நாம் எதிர்க்கவில்லை. எழுவான்கரை எம் உறவுகள் குடிக்கும் நீர் அது. ஆனால் வரட்சி ஆண்டில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், குடிநீருக்கு எவ்வளவு என்ற தீர்மானத்தில் விவசாயியின் குரல் எங்கே? மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். அது உரிமையா, அபிவிருத்தியா? மாட்டுக்குப் புல் வேண்டும், புல்லுக்குத் தரை வேண்டும். இரண்டையும் பிரிக்க முடியுமா?

இன்னுமொன்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு உரிமையில் ஆண்பிள்ளைக்கே முன்னிடம் கொடுத்தது. கணவனைப் போரில் இழந்து பிள்ளைகளோடு திரும்பிய எத்தனையோ தாய்மாருக்கும் அவர்களின் பெண்பிள்ளைகளுக்கும் அது எவ்வளவு இடைஞ்சல் என்று எமக்குத் தெரியும். அந்த ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது. 87 ஆண்டுகளாகப் பாராளுமன்றத்தின் இரு பக்கங்களிலும் எமது பிரதிநிதிகள் இருந்தார்கள். கேட்டவர்கள் குறைவு. ஏனென்றால் கேட்கும்படி நாம் அவர்களை நெருக்கவில்லை.

ஆகவே எமது கருத்து இதுதான். எமக்குக் கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன; 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவற்றுக்குச் சட்ட அங்கீகாரமும் தந்திருக்கிறது. அவற்றைப் பசளைக்கும் மானியத்துக்கும் பெயர் பதியும் இடமாக மட்டும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அமைப்பும் ஒரு கொப்பி வாங்கட்டும். அதிலே பத்திரம் இல்லாத குடும்பங்கள் எத்தனை, இன்னும் திரும்பாதவர்களின் வயல் எது, உடைந்த வாய்க்கால் எது, யானை வேலி எங்கே இல்லை என்று எழுதட்டும். திரும்பாத குடும்பத்தின் பெயரும் அதில் இருக்கட்டும். அவர் தமிழரானாலும் முஸ்லிமானாலும் அவர் வட்டைக்காரரே. விதைப்புக்கு முன் ஒருதரம், சூடடித்த பின் ஒருதரம், எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் அழைத்து அந்தக் கொப்பியை முன்னால் வைப்போம். என்ன கேட்டோம், என்ன சொன்னார், என்ன நடந்தது என்று மூன்று நிரல்கள் போதும். வரமறுத்தால் அதையும் நாலாவது நிரலில் எழுதுவோம். தேர்தல் வரும்போது மேடைப் பேச்சுக்குப் பதிலாக அந்தக் கொப்பியை வாசிப்போம்.

அன்று மரநிழலில் வாக்குவாதப்பட்ட இரு பெரியவர்களையும் நாம் சமாதானப்படுத்தவில்லை. இருவரும் பாதி சரி. அரசாங்கத்தோடு போனதால் சில காரியம் நடந்தது உண்மை. மக்களைக் கேளாமல் போனது பிழையென்பதும் உண்மை. ஆனால் எழுந்து வரும்போது முதலாமவர் ஒன்று சொன்னார்: "மனே, அவர் எங்களக் கேக்கல்லதான். நாங்களும் அவரக் கேக்கல்லயே."

அடுத்த தேர்தலுக்கு முன்னால் அந்த ஒரு வசனத்தைப் பற்றி எமது ஊர்கள்தோறும் பேசுவோம்.